அமுதாவுக்கு வராத சாமி

கரியாலூர் மலையில் ஒரு பாறை. அதன்மேல் கடுக்காய் மரத்தின் நிழல். நிழலில் அமுதா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கண் மூடியிருக்கிறது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டுகிறது. ஆனால் உதடு சிரிக்கிறது.

ஆடி மாசத்துக் காற்று. மரமே பேயாட்டம் ஆடுகிறது. அவள் முந்தானை படபடவென்று அடித்துக்கொள்கிறது. அவள் மட்டும் அசையவில்லை.

அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் கை தானாக இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் தேடியது. கற்பூரமும் தீப்பெட்டியும் இல்லாமல் நான் வாசல்படி தாண்டுவதில்லை. காற்றில் குச்சி அணைந்து அணைந்து போனது. முந்தானையால் மறைத்து, ஒருவழியாகப் பாறையின் மேலேயே கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுச் சாஷ்டாங்கமாக விழுந்தேன்.

“தாயே! வந்திருக்கிறது யாரு? மாரியா, அங்காளியா? நாங்க இன்னா கொறை வெச்சோம்? வாயைத் தொறந்து சொல்லும்மா!”

கன்னத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அம்மன் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“நான்தான்டி, அமுதா. மொதல்ல அந்தக் கற்பூரத்தை அணை. சருகு பத்திக்கப் போவுது.”

குக்கர் விசிலும் மூச்சும்

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் எங்கள் மாவு மில்லைப் பற்றியும், என் பிரசவங்களைப் பற்றியும், நான் ஏறி இறங்கிய கோயில்களைப் பற்றியும் எழுதிவிட்டேன். “அமுதா அத்தையைப் பத்தி ஏம்மா இன்னும் எழுதலை?” என்று என் மகள் கேட்டாள். எட்டாவதோடு நின்றவள் நான். சாமியைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். எல்லோருக்கும் தெரிந்த சாமி. அமுதாவைப் பற்றி எழுத, எங்கே தொடங்குவது என்றே இவ்வளவு நாள் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்கள் மில்லுக்குப் பின்பக்கத் தெருவில் அவள் வீடு. தெரு முடிகிற இடத்தில் கரும்புக் கொல்லை ஆரம்பிக்கும். கொல்லையும் அவர்களுடையதுதான். அரிசி அரைக்க வருவாள். மாவு விழுகிற நேரத்துக்கு எல்லாப் பெண்களும் மில்லுக்குள் நின்று கதை பேசுவார்கள். இவள் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

“மேல இன்னாடி இருக்குது?” என்று முதல் நாள் கேட்டேன்.

“ஒண்ணும் இல்லக்கா. அதான் பாக்கறேன்.”

அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஒரு வாரத்தில் அக்கா போய், ‘வாடி போடி’ வந்துவிட்டது.

அவள் பிறந்தது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில். சின்ன வயசில் கோட்டை மலையில் ஆடு ஓட்டிக்கொண்டு ஏறினவள். கல்யாணமாகி வந்த பிறகு ஏறுவதற்கு மாடிப்படிகூட இல்லை. அவளுக்கு முதுகு வலி வந்தபோது, கல்யாண மண்டபத்தில் யாரோ தியானம் சொல்லிக்கொடுக்கிறார்கள், காசு வேண்டாமாம் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். கண்ணை மூடி மூச்சு போவதையும் வருவதையும் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு அன்று முழுக்க ஊறவைத்த உளுந்துதான் தெரிந்தது. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. அவள் வகுப்பின் கடைசி நாள் வரை போனாள். வகுப்பு முடிந்த பிறகும் விடவில்லை.

“வூட்டுக்குள்ள கண்ணை மூடினா குக்கர் விசில்தான்டி கேக்குது. வெளிய ஒக்காந்தா, அதுபாட்டுக்கு மூச்சு போவுது. காத்து வருது. எது என் மூச்சு, எது காத்துன்னே தெரியல” என்று ஒருநாள் சொன்னாள்.

எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவேண்டுமே! கருவறையில் திரை விலகும்போது முன்வரிசையில் நிற்பவர்களுக்கு வருகிற முகம் அது.

எந்தக் கோயிலுக்கு?

நான் முதலில் சொன்ன மலைப் பயணம், எங்கள் மகளிர் குழுவோடு அருவி பார்க்கப் போனது. எல்லோரும் அருவியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இவளைக் காணோமே என்று தேடிப் போய்த்தான் அந்தப் பாறையில் கண்டேன். பாறைக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். மேகம் கிழிந்த இடத்தில் மரவள்ளிக் கொல்லைகள் பாய் விரித்த மாதிரி தெரிந்தன.

“வசந்தா, மாசத்துல ஒருநாள் இங்க வந்து ஒக்காரணும்டி. அது போதும் எனக்கு” என்றாள் அமுதா.

வீட்டில் என்ன காரணம் சொல்லிவிட்டு வருவாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செருப்பை மாட்டினால், “எந்தக் கோயிலுக்கு?” என்றுதான் கேட்பார்கள். எங்கே என்று கேட்க மாட்டார்கள். சாவு, சீமந்தம், ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் கோயில். வேறு எதற்காகவும் நாங்கள் வெளியே போனதில்லை. நான் பக்திக்காரி, பொய் சொல்லவில்லை. ஆனாலும் திருநாவலூர் சிவன் கோயிலுக்கு என்று கிளம்பி, சாமி கும்பிட்டு முடித்து, பஸ் ஸ்டாண்டில் கால் நீட்டி உட்கார்ந்து நிலக்கடலை தின்ற சுகத்துக்காகவே பாதி வேண்டுதல் வேண்டியிருக்கிறேன். சிவனுக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டிருப்பார்.

“மலையில ஏதாவது சாமிக்கு வேண்டுதல்னு சொல்லிடுடி. அனுப்பிடுவாங்க” என்றேன்.

“வேண்டலையே!”

“இப்ப வேண்டிக்க.”

“போடி” என்று சிரித்தாள்.

வீட்டில் நேராகக் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் செல்வம் கெட்டவர் இல்லை. ஊர்வாய்க்குப் பயந்தவர். “பொம்பளை மலையில போய்த் தனியா ஒக்காந்துகினு இருந்தா நாலு பேரு இன்னா பேசுவான்?” என்றார். மாமியார் குப்பம்மாள் அதற்கும் மேலே. “ஒக்காரதுக்கு மலைக்கு ஏன் போவணும்? இங்க இல்லாத எடமா? அடுப்பங்கரையில ஒக்காரு, புளி இருக்குது, கொட்டை எடு.”

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை

மலையில் நான் விழுந்து கும்பிட்டதை, அமுதாவைத் தேடிக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வந்த குழுப் பெண்கள் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அமுதா ஒரு கண்ணைத் திறந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அதற்குள் அருவிக்கு ஓடிவிட்டார்கள்.

“அமுதாவுக்குச் சாமி வருதாம். மலையில வந்துச்சாம். மாவு மில்லு வசந்தாவே கால்ல வுழுந்துட்டாளாம்.”

நான் விழுந்தேன் என்றால் ஊர் நம்பும். நான் கோயில் கோயிலாகப் போகிறவள் அல்லவா! தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் “அது என் அவசரம்” என்று சொல்லிப் பார்த்தேன். “சாமி காரியத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு மறைக்குற” என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அமுதா வீட்டுக்குப் போனால், எனக்கு அடையாளமே தெரியவில்லை. வாசல் சாணி தெளித்து, பெரிய கோலம். கூடத்தில் மணைப்பலகை. பக்கத்தில் வேப்பிலைக் கொத்து, மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. குப்பம்மாள் அத்தை தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய குங்குமத்தோடு நிற்கிறார். மருமகளை ஒருநாளும் பேர் சொல்லி அழைக்காத அம்மா, “எங்க அமுதா வருவா, ஒக்காருங்க” என்று உபசரிக்கிறார். வாசலில் எலுமிச்சம்பழமும் பூவுமாக ஒரு கூட்டம்.

அத்தை என்னைத் தனியாக இழுத்தார். “வசந்தா, மலைச் சாமி இவளைப் புடிச்சிருக்குது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைக்குப் போய் வரட்டும். செல்வமே வண்டியில கூட்டிகினு போவான். சாமி கூப்புட்டா நாம தடுக்க முடியுமா?”

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் உள்ளே அமுதாவின் கையைப் பிடித்தேன்.

“ஏய், பாறை கெடைச்சிடுச்சிடி! மாசா மாசம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம், வாயை மூடிகினு ஒக்காந்தா போதும். மத்ததை அவங்களே சொல்லிக்குவாங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆசை இல்லாமல் இல்லை. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அதை நான் உறுதியாகச் சொல்வேன். அவளுக்கு அந்தப் பாறை அவ்வளவு வேண்டியிருந்தது.

மணைப்பலகைப் பக்கம் வந்தாள். உட்காரவில்லை.

முதலில் வந்தவர் பக்கத்துக் கொல்லைக்காரர். கிணறு வற்றிப்போய், கரும்பு காய்ந்துகொண்டிருந்தது அவருக்கு. எலுமிச்சம்பழத்தை அவள் காலடியில் வைத்தார். “தாயே, மேக்கால போர் போடலாமா, கெழக்காலயா? தண்ணி வருமா? நீ ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே போர் வண்டியைக் கொண்டாந்துடறேன்.”

“எனக்குத் தெரியாதுங்கண்ணா” என்றாள் அமுதா.

“உனக்குத் தெரியாதும்மா. உம்மேல வந்திருக்கிற சாமிக்குத் தெரியுமில்ல?”

“சாமிக்குத் தெரியும். எனக்குச் சொல்லல.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தையின் முகம் இறுகியது. “அப்ப மலையில இன்னாதான்டி பண்ணிகினு இருந்த?”

“சும்மா ஒக்காந்துகினு இருந்தேன் அத்தை.”

“சும்மான்னா?”

“சும்மாதான்.”

பயந்துதான் இருந்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை. “எனக்கு அங்க ஒக்காரப் புடிச்சிருக்கு. அவ்ளோதான். சாமி கூப்புட்டுச்சுன்னு சொன்னா நீங்க அனுப்புவீங்க, எனக்கும் தெரியும். ஆனா கூப்புடலையே அத்தை. கூப்புடாத சாமியைக் கூப்புட்டுச்சுன்னு எப்புடிச் சொல்றது?”

கொல்லைக்காரர் குனிந்து தன் எலுமிச்சம்பழத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். செல்வம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார். அத்தை மஞ்சள் தண்ணீரை முருங்கைமரத்தடியில் விசிறி ஊற்றினார்.

நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். எத்தனையோ கோபுரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷியைப் பார்த்து அப்படி நின்றது அன்றைக்குத்தான். நான் ஆயுசு பூராவும் சாமி பேரைச் சொல்லிச் சொல்லி வாசலைத் தாண்டினவள். அவள் சாமி பேரை வீணாகச் சொல்ல மாட்டேன் என்று, திறந்திருந்த வாசலைத் தானே சாத்திக்கொண்டாள்.

மோட்டார் கொட்டகை

அதற்குப் பிறகு மலைப் பேச்சே இல்லை. அத்தை அவளோடு பேசவும் இல்லை. சாப்பாட்டுக்குக்கூடத் தட்டைத் தட்டித்தான் கூப்பிடுவார்.

அமுதா விடியற்காலையில் கரும்புக் கொல்லைக்குப் போய், மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். கரும்புத் தோகை உரசுகிற சத்தம். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். நான் பால் வாங்கப் போகும்போது தூரத்திலிருந்து பார்ப்பேன். ஒருநாள், கொக்கு ஒன்று அவள் பக்கத்தில், கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. அவளும் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. பால் செம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொருத்தரும் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பொங்கல் கழிந்து, கரும்பு வெட்டி முடித்த சமயம். அமுதாவும் நானும் கொட்டகைப் பக்கம் தோகை பொறுக்கிக்கொண்டிருந்தோம். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். தினமும் அவளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அத்தனை மாசத்துக்குப் பிறகு மருமகளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

“சாமி வந்தா நாலு பேரு தேடிகினு வருவாங்க. சும்மா ஒக்காந்தா யாருடி வருவா?”

“யாரும் வர மாட்டாங்க அத்தை. அதான் நல்லாருக்குது.”

அத்தை ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் குபீரென்று சிரித்தார். பல் போன வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்:

“அந்தப் பாறையை நானும் ஒருக்கா பாக்கறேன். இன்னாதான் கீதுன்னு.”

மூன்று பேர்

வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் அத்தை. கோமுகி அணையைத் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு வளைவுக்கும் “முருகா, முருகா” என்றார். கரியாலூரில் இறங்கி, முழங்கால் வலிக்காக நின்று நின்று நடந்தோம். பாறைக்கு அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினோம்.

அன்றைக்கு மேகம் இல்லை. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று, நீலம் வெளுத்துக்கொண்டே போய் வானத்தோடு கலந்திருந்தது. அத்தை நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். வாழ்நாள் பூராவும் கொல்லையில் குனிந்தே கிடந்த அம்மா. இவ்வளவு தூரம் ஒரே சமயத்தில் அவர் பார்த்திருக்க மாட்டார்.

“கண்ணை மூடணுமா?” என்று கேட்டார்.

“மூடினாலும் சரி, தொறந்தாலும் சரி அத்தை.”

மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. அமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவர் தலை சாயாமல் இருக்க அமுதா தோளைக் கொடுத்தாள். வெயில் ஏறுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

எழுந்ததும் அத்தை சொன்னார்: “காத்து ஜாஸ்தி. ஆனா நல்லாத்தான் கீது.”

அவ்வளவுதான். அடுத்த பௌர்ணமியிலிருந்து அமுதாவை யாரும் தடுக்கவில்லை. அவள் மலைக்குப் போன நாட்களில் அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

“இன்னா, மருமவளைக் காணோம்?” என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

“மலைக்குப் போயிருக்கா.”

“எந்தக் கோயிலுக்கு?”

“கோயிலுக்கு இல்ல. சும்மா!” தெருக்கோடி வரை கேட்கும் அந்தக் குரல்.

கையும் கையும்

அத்தை போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பிற்பாடு அமுதாவுக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. நான் அங்காளம்மனுக்கு வேண்டினேன், முருகனுக்கு வேண்டினேன், திருநாவலூருக்கு ஓடினேன். விபூதிப் பொட்டலங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், அவள் படுத்தபடி ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விபூதியை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்:

“ஓடிகினே இருக்கிறியே வசந்தா. வேண்டுனது போதும். என் கையைப் புடிச்சிகினு கொஞ்சம் சும்மா ஒக்காரேன்.”

உட்கார்ந்தேன். மண்டபத்தில் எனக்கு உளுந்து மட்டுமே தெரிந்தது என்று சொன்னேனே, அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் மூச்சு போனது, வந்தது. என் மூச்சும் அதோடு போனது, வந்தது. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. புங்கமரம் ஆடியது. நர்ஸம்மா வந்து தோளைத் தொட்டபோதுதான் பொழுது சாய்ந்திருப்பதே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில் அவள் போய்விட்டாள். முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பாறையில் நான் கற்பூரம் கொளுத்திய அன்றைக்கு இருந்த முகம்தான்.

மறுபடியும் பாறை

சென்ற ஆடியில் ஒருநாள் காலையில் குளித்துப் புடவை மாற்றிச் செருப்பை மாட்டினேன். மில்லில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்:

“எந்தக் கோயிலுக்கு?”

திருநாவலூர் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! விழுங்கினேன்.

“கோயிலுக்கு இல்லைங்க. மலைக்கு. சும்மா. எனக்குப் புடிச்சிருக்கு.”

பேரன் எடுத்தவள் நான்! இதைச் சொல்ல எனக்கே இவ்வளவு நடுக்கம் என்றால், அன்றைக்குக் கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னாளே அவள்!

அவர் பெல்ட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “மத்தியான பஸ்ல கூட்டம் ஜாஸ்தி. இப்பவே கெளம்பு. கொடை எடுத்துக்க” என்றார்.

பாறை அப்படியேதான் இருக்கிறது. கடுக்காய் மரத்தில் ஒரு கிளை முறிந்திருந்தது. சுருக்குப்பையில் கற்பூரம் இருந்தது. எடுக்கவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடினேன். காற்று வந்தது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. முகத்துக்கு நேரே ஏதோ வெளிச்சம், கற்பூர வாசனை. ஒரு பெண் குரல் நடுங்கி நடுங்கிக் கேட்டது:

“தாயே, வந்திருக்கிறது யாரு? எந்தச் சாமின்னு சொல்லும்மா!”

அப்போதுதான் என் கன்னம் ஈரமாக இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஒரு கண்ணைத் திறந்தேன். அருவியில் குளித்த ஈரப் புடவையோடு ஒருத்தி கைகூப்பி நிற்கிறாள். திருநாவலூர்ப் பக்கத்துக்காரி என்று பிறகு சொன்னாள்.

“சாமி இல்லம்மா. நான்தான், வசந்தா. கற்பூரத்தை அணைச்சிடு, சருகு பத்திக்கும்.”

அவளுக்கு முகம் தொங்கிப்போனது. “அப்ப இங்க இன்னா பண்றீங்க?”

“சும்மா ஒக்காந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். “வா, எடம் இருக்குது.”

அவள் கீழே அருவிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஈரத் தலையை முடிந்துகொண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.